திட்டிய பிறகு தெரிந்த நல்ல குணம்: வளரும் பிள்ளைகள் பற்றி வன்னிப் பெற்றார் கேட்கும் கேள்விகள்

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்குக் கிட்ட ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். மத்தியானம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மார் படலையடியில் நின்று கதைப்பது அந்தச் சின்னவர்களைப் பற்றி அல்ல. வீட்டில் இருக்கும் மூத்ததுகளைப் பற்றித்தான். "நேற்று ஒரு வேலை செய்தான் ரீச்சர், எனக்கு அழுகையே வந்திட்டுது" என்று தொடங்கும் கதையும் உண்டு, "இவனை என்ன செய்யிறதெண்டே தெரியேல்லை" என்று தொடங்கும் கதையும் உண்டு. பல வேளை இரண்டும் ஒரே பிள்ளையின் கதை. எனக்கும் 19 வயதில் ஒரு மகன், 14 வயதில் ஒரு மகள். அந்தப் படலையடிக் கேள்விகளுக்கு நான் வாசித்ததையும் என் வீட்டில் பட்டதையும் வைத்து எழுதிய பதில்கள் இவை.

பதின்ம வயது என்று எதைச் சொல்கிறோம்? முதிர்ச்சி எந்த வயதில் வரும்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு 10 முதல் 19 வயது வரை. எங்கள் கணக்கில் சொன்னால், புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் காலத்தில் தொடங்கி உயர்தரம் எழுதி முடிக்கும் வரை.

முதிர்ச்சி ஒரு பிறந்தநாளில் வந்து இறங்குவதில்லை. கோபம், ஆசை, துடிப்பு இவற்றைக் கிளப்பும் மூளைப் பகுதிகள் இந்த வயதில் முந்திக்கொண்டு ஓடும். 'பொறு, இதைச் செய்தால் என்ன நடக்கும்' என்று யோசிக்க வைக்கும் முன்பக்க மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கும். குளத்து மடையைத் திறந்துவிட்டு அதற்குப் பிறகு வாய்க்கால் வெட்டுகிற மாதிரி. அதனால்தான் காலையில் கிழவனைப் போல யோசனை சொன்ன பிள்ளை, பின்னேரம் ஒரு முட்டைப் பொரியலுக்காகத் தங்கச்சியோடு அடிபடுகிறது. இரண்டும் உண்மையான பிள்ளைதான். ஒன்றைப் பார்த்து மற்றது நடிப்பு என்று முடிவுகட்ட வேண்டாம்.

வீட்டில் வாயே திறக்கிறதில்லை. என் பிள்ளைக்கு இரக்க குணம் இருக்கிறதா என்று எப்படி அறிவது?

பாதி வெளியாட்கள் சொல்லித்தான் தெரியவரும். பஸ்ஸில் யாருக்கு எழும்பி இடம் கொடுத்தான், வராத பெடியனுக்கு யார் ரியூசன் கொப்பியைப் பார்த்து எழுதிக் கொடுத்தது என்பதெல்லாம் நடத்துநரும் அடுத்த வீட்டுத் தாயும் சொல்ல வேண்டிய கதைகள். வீடு அவர்கள் களைப்பைக் கழற்றிப் போடும் இடம். வெளியில் முழுநாளும் நல்ல பிள்ளையாக இருந்தவர்கள் குசினிக்குள் வந்ததும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள்.

மிச்சப் பாதியை நாங்களே பார்க்கலாம். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. பிள்ளைகளின் இரக்கம் முதலில் எங்கள் கண்ணில் படுவது ஒரு குற்றமாகத்தான். பிந்தி வருகிறார்கள், சாமான் குறைகிறது, காசுக் கணக்குப் பிழைக்கிறது, சட்டை ஊத்தையாகிறது. நாங்கள் உடனே வாயைத் திறந்துவிடுவோம்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2022 நெருக்கடிக்குப் பிறகு விலை ஏறாத சாமான் கிடையாது; பொம்பிளைப் பிள்ளைகளின் அணையாடையும் அப்படித்தான். மகளுக்கு வாங்கி வைக்கும் பைக்கற் மாதா மாதம் வழமையை விட வேகமாக முடிந்தது. இரண்டு மாதம் பொறுத்தேன். மூன்றாம் மாதம், "இதென்ன தின்னுற சாமானே இப்படி முடியிறதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு அவளுடைய புத்தகப்பையைத் தட்டித் துடைக்கும்போது, முன் அறைக்குள் பழைய பென்சில் பெட்டி ஒன்று கனத்தது. உள்ளே நான்கு அணையாடை, ஒரு சின்னச் சவர்க்காரத் துண்டு, கடதாசியில் சுற்றிய இரண்டு ஊசிப்பின். வகுப்பில் யாருக்காவது திடீரென்று தேவைப்பட்டால் அந்தப் பெட்டி கைமாறுமாம். பெட்டி எங்கே இருக்கும் என்று வகுப்பில் எல்லாப் பெட்டைகளுக்கும் தெரியும். யார் எடுக்கிறது என்று கேட்டேன். "அதை ஏனம்மா கேக்கிறீங்கள்?" என்றாள்.

கொடுத்ததை விட அந்தப் பதில்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. சின்னப் பிள்ளையும் கொடுக்கும். முன்பள்ளியில் நாள்தோறும் பார்க்கிறேன், பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து நீட்டும். வாங்கினவரின் பெயரை விழுங்கிக்கொள்ளும் புத்தி பிறகுதான் வரும். மற்றவர் இடத்தில் நின்று 'எனக்கென்றால் வெட்கமாக இருக்குமே' என்று யோசிக்கத் தெரிய வேண்டும், அது இந்த வயதில்தான் வேகமாக வளர்கிறது.

எனவே சாமான் குறைந்தால், பிள்ளை பிந்தினால், முதலில் "என்ன நடந்தது?" என்று கேளுங்கள். திட்டுவது எங்கே போய்விடப்போகிறது? பிறகும் திட்டலாம்.

நீங்களே பெருமைப்பட்ட ஒரு சம்பவத்தைச் சொல்லுங்களேன்.

இதைக் கேட்டவ ஒருத்தி மட்டுமல்ல. சரி, சொல்கிறேன். இதிலும் நான் முதலில் திட்டினேன்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மகன் உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். மழையால் பரீட்சையை நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஒழுங்கைக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது இரவில். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். இந்த முறை யாரும் காத்திருக்கவில்லை. எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் ஒரு பை இருக்கும். பிறப்புச் சான்றிதழ், காணிப் பேர்மிற், அடையாள அட்டை, கிளினிக் கொப்பி. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்த பழக்கம். நான் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு பார்க்கிறேன், மகனைக் காணவில்லை.

பக்கத்து வளவில் ஒரு அம்மம்மா தனிய இருக்கிறா. அங்கேதான் நின்றான். முழங்கால் தண்ணீர். ஒரு கையில் ரோச்லைற்றைப் பிடித்துக்கொண்டு அவவின் அலுமாரியைத் திறந்து வைத்திருந்தான். பிறஷர் குளிசை எடுத்தாயிற்று, மூக்குக்கண்ணாடி எடுத்தாயிற்று. பிறகு சுவரில் இருந்து ஒரு படத்தைக் கழற்றினான். அவவின் மகன், 2009க்குப் பிறகு இன்றுவரை எங்கே என்று தெரியாது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கிய நாளில் இருந்து, அந்தப் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டுதான் அவ போய் வருகிறவ. ஆணியில் இருந்து கழற்றின படத்தைச் சட்டத்தில் இருந்தும் பிரித்தான். கண்ணாடிக்குள் ஈரம் போய்விட்டிருந்தது. தன் சேட்டுக்குள் இருந்து பிளாஸ்ரிக் கவர் ஒன்றை எடுத்தான். பரீட்சை அட்மிஷனை நனையாமல் வைக்க நான் புதிதாக வாங்கிக் கொடுத்த கவர். அட்மிஷனை உருவிக் காற்சட்டைப் பைக்குள் திணித்துவிட்டுப் படத்தை அதற்குள் வைத்து, வாயை மடித்து, அம்மம்மாவின் கையில் கொடுத்தான்.

நான் வாசலில் நின்று கத்தினேன். "உனக்கென்ன விசரே? அட்மிஷன் நனைஞ்சால் என்னத்தைக் கொண்டு போய்ச் சோதினை எழுதப் போறாய்?"

"அட்மிஷன் நனைஞ்சால் திரும்ப எடுக்கலாம் அம்மா."

அவ்வளவுதான் சொன்னான். பிறகு அம்மம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒழுங்கை வழியே நடந்தான். நான் பின்னால் நடந்தேன். அன்று முழுக்க அவனோடு கதைக்க எனக்கு வாய் வரவில்லை.

பிள்ளையை முகத்துக்கு முன் புகழ்ந்தால் நாவூறு படாதா? தலைக்கனம் வராதா?

என் அம்மா இன்றைக்கும் பேரப்பிள்ளையை யாரும் "கெட்டிக்காரன்" என்றால் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போடுவா. மிளகாய் மணந்தால் ஒன்றுமில்லை, மணக்காவிட்டால் நாவூறாம். நான் அதைத் தடுப்பதில்லை. அதுவும் பிள்ளை மேலுள்ள கரிசனைதான். ஆனால் அந்தப் பயத்திலேயே ஒரு நல்ல சொல்லும் கேளாமல் வளர்ந்த தலைமுறை நாங்கள். என் அப்பா என்னைப் பற்றி மற்றவர்களிடம் நல்லபடி சொன்னாராம். அவருடைய செத்தவீட்டில்தான் அது எனக்குத் தெரியவந்தது.

பெரிய புகழ்ச்சி தேவையில்லை. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது கூச்சமாகவும் இருக்கும். "நீ தங்கமடா, உன்னைப் போல யார்" என்றால் பிள்ளை கண்ணைச் சுழற்றிக்கொண்டு போய்விடும். செய்த காரியத்தைச் சொல்லுங்கள். "அம்மம்மாவின்ர கண்ணாடியை மறக்காமல் எடுத்தனி, நல்லது" என்றால் போதும். அதில் மிகை இல்லை. தான் செய்ததை ஒருவர் பார்த்திருக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரியும். சொல்வதற்கு நல்ல இடம் மோட்டார் சைக்கிள். முன்னால் அவன், பின்னால் நீங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை.

நல்லது செய்தால் காசோ, போனோ வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாம். வயலில் ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் கூலி கொடுங்கள், அது அவனுடைய உழைப்பு. உதவிக்கு விலை போடாதீர்கள். 2008 இல் பீலிக்ஸ் வார்னகன், மைக்கேல் தொமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 20 மாதக் குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். உதவி செய்ததற்கு விளையாட்டுச் சாமான் பரிசு வாங்கிய குழந்தைகள், பிறகு பரிசு இல்லாதபோது மற்றக் குழந்தைகளை விடக் குறைவாகவே உதவின. அவை கைக்குழந்தைகள், எங்கள் வீட்டில் இருப்பது மீசை முளைத்தது என்பது சரிதான். ஆனாலும் 'இதற்கு என்ன தருவீங்கள்' என்ற கேள்வியை ஒரு முறை வீட்டுக்குள் விட்டால் வெளியே அனுப்புவது கஷ்டம்.

என் மகளுக்கு 14 வயது. சமையல், தம்பியின் படிப்பு, அம்மம்மாவின் மருந்து எல்லாம் அவள்தான். ஊரே மெச்சுகிறது. நான் பெருமைப்படலாம்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நித்திரை முழித்து யோசித்திருக்கிறேன்.

எங்கள் பக்கம் இது அரிதான கதை அல்ல. தகப்பன் இல்லாத வீடுகள் எத்தனை. விடியக் கருக்கலில் வரும் பஸ்ஸில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய் இருட்டிய பிறகு வரும் தாய்மார் எத்தனை. குவைத்திலும் சவூதியிலும் நிற்கிற தாய்மார் எத்தனை. அந்த வீடுகளை மூத்த பெட்டைகள்தான் தாங்குகிறார்கள். அவர்களைப் பார்த்து ஊர் "பொறுப்பான பிள்ளை" என்கிறது. நான் குறை சொல்லவில்லை. பிள்ளை உண்மையிலேயே பொறுப்பானவள்தான்.

ஆனால் நாங்கள் எப்படிப் பெரியவர்கள் ஆனோம் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். எனக்குப் பதினைந்து வயதில் பங்கர் வெட்டத் தெரியும், மழைக்குள் தறப்பாள் கட்டத் தெரியும், ஐந்து பேருக்கான அரிசியைப் பத்துப் பேருக்குக் காய்ச்சத் தெரியும். எல்லாரும் "கெட்டிக்காரி" என்றார்கள். யாரும் "உனக்கு என்ன விருப்பம்?" என்று கேட்கவில்லை. கேட்கக்கூடிய காலமும் அது இல்லை. அதனால் எங்களில் பலருக்குச் சுமையையும் முதிர்ச்சியையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வாய் பேசாமல் வேலை செய்யும் பிள்ளையைக் கண்டால் அதைப் பெருமை என்று எடுத்துக்கொள்கிறோம்.

நான் பார்க்கும் அடையாளங்களைச் சொல்கிறேன். பிள்ளை உங்களிடம் "இண்டைக்கு ஏலாது அம்மா" என்று சொல்கிறதா? சொல்லிவிட்டுப் பயப்படாமல் இருக்கிறதா? கிழமையில் இரண்டு நாளாவது வலைப்பந்தோ, சிநேகிதியோடு வேலியடிக் கதையோ, சும்மா படுத்துக் கிடப்பதோ இருக்கிறதா? பள்ளிக்கூடத்துக்கு நாள் தவறாமல் போகிறதா? இலங்கையில் 16 வயது வரை பிள்ளை படிப்பது சட்டப்படி கட்டாயம். தம்பிக்குக் காய்ச்சல் என்று அக்கா வீட்டில் நிற்பது ஒரு நாள் நடந்தால் பரவாயில்லை. வழக்கமாகிவிட்டால் அது அன்பின் கணக்கில் வராது.

இவற்றுக்கு 'இல்லை' என்பது பதிலானால் பெருமையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பாரத்தைக் குறைக்க வழி பாருங்கள். கொழுந்தி, பெரியம்மா, பக்கத்து வளவு, யாரிடமாவது ஒரு நேரச் சமையலைக் கொடுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். போய்க் கதைப்பதில் வெட்கமில்லை. பிள்ளையை யாரும் வதைக்கிறார்கள், சுரண்டுகிறார்கள் என்ற நிலை என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் இருக்கிறது.

பாரத்தை உடனே குறைக்க முடியாத வீடுகளும் இருக்கின்றன, எனக்குத் தெரியும். அப்படியென்றால் அதையாவது பிள்ளைக்குச் சொல்லுங்கள்: "இது உன்ர வேலை இல்லை பிள்ளை. என்ர வேலை. என்னால ஏலாமல் நீ செய்யிறாய்." நாங்கள் யாரும் கேளாத சொல் அது.

மகன் சமைத்தால் பெருமையாகச் சொல்கிறார்கள், மகள் சமைத்தால் ஒருவரும் கவனிப்பதில்லையே?

உண்மை. என் மகன் ஒரு நாள் தேங்காய் துருவிச் சம்பல் இடித்ததை அவனுடைய அப்பம்மா மூன்று வீட்டுக்குச் சொன்னா. மகள் ஏழு வயதில் இருந்து துருவுகிறாள். மகள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதற்குப் பிறகு துருவுபலகை முறை வைத்துப் போகிறது. யாருடைய சம்பலையும் யாரும் ஊருக்குச் சொல்வதில்லை.

ஊருக்கெல்லாம் உதவி செய்கிறான், தங்கச்சியைக் கண்டால் மட்டும் எரிந்து விழுகிறான். இது என்ன முதிர்ச்சி?

தங்கச்சி இருக்கும் எல்லா அண்ணன்மாருக்கும் உள்ள முதிர்ச்சி. அடிக்காத வரைக்கும் விடுங்கள்.

நாங்கள் யுத்தத்தில் பட்டதைச் சொன்னால் பிள்ளைக்கு இரக்கம் வருமா, வெறுப்பு வருமா?

எப்படிச் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது. ஒரு விதம் எனக்குப் பிடிக்காது: போன் கேட்டால், சப்பாத்துக் கேட்டால், "நாங்கள் என்ன பாடு பட்டம் தெரியுமே" என்று தொடங்குவது. அப்போது பட்ட துன்பம் ஒரு தடியாகிவிடுகிறது. நாலு தரம் அந்தத் தடியால் அடி வாங்கின பிள்ளை ஐந்தாம் தரம் காதைப் பொத்திக்கொள்ளும்.

யுத்தத்தின் கடைசி நாட்களில் சனம் குடித்த கஞ்சியை நினைத்து, மே மாதத்தில் ஊரூராக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுவார்கள். அரிசி, தண்ணீர், உப்பு. மகள் முதல் தடவை சிரட்டையில் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்குள்ள ஒண்டும் இல்லையே" என்றாள். ஓம், ஒன்றும் இல்லை என்றேன். அன்றைக்கு வேறெதுவும் சொல்லவில்லை. அவள் கேட்டாள், அடுத்த நாளும் கேட்டாள். கேட்ட அளவுக்குச் சொன்னேன்.

மகனுக்கு அவன் 16 வயதில் சொன்னது வேறு கதை. 2009 இல் அவன் இரண்டரை வயது. எனக்குப் பால் வற்றிவிட்டது. பங்கருக்குள் இருந்த முன்பின் தெரியாத ஒரு மனுசி, தன் பிள்ளைக்கு வைத்திருந்த பால்மாப் பைக்கற்றில் பாதியை ஒரு துணியில் கொட்டிக் கட்டி எனக்குத் தந்தா. பேர் கேட்கவில்லை. இரண்டு நாளில் ஆளுக்கொரு திசை. அவவும் பிள்ளையும் தப்பினார்களா என்று எனக்குத் தெரியாது. செல் விழுந்த கதைகளை அவன் பலரிடம் கேட்டிருக்கிறான். இந்தப் பால்மாக் கதைக்குத்தான் எழும்பி வெளியே போய்க் கிணற்றடியில் நின்றான். பட்டதைச் சொல்லும்போது, அந்த நேரத்தில் யார் யார் கை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதுவும் நடந்ததுதானே.

சொல்லப் போனால் உங்களுக்கே கை நடுங்குகிறது, இரவில் நித்திரை இல்லை என்றால் பிள்ளைக்குச் சொல்வதைப் பிறகு பார்க்கலாம். ஆஸ்பத்திரியில் உளநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தும் கதைக்கலாம்.

பிள்ளை செய்த நல்ல காரியத்தை முகநூலில் போடலாமா?

பிள்ளையிடம் கேளுங்கள். பெரும்பாலும் "வேண்டாம்" என்பார்கள். அப்போது விட்டுவிடுங்கள்.

இதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. உலர் உணவுப் பொதியை ஒருவர் நீட்ட, ஒருவர் வாங்க, இரண்டு பேரும் கமராவைப் பார்க்க வேண்டும். அப்படி எத்தனை படத்தில் நாங்கள் நின்றிருக்கிறோம். கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். கணக்குக் காட்டப் படம் தேவைப்பட்டது. ஆனால் சைக்கிள் வாங்கிய பெட்டைக்கு அந்தப் படம் பள்ளிக்கூடத்தில் எத்தனை நாள் தொடர்ந்து வந்தது என்று அவளிடம் கேட்டால் தெரியும். இப்போதைய பிள்ளைகள் இதைக் கவனித்து வளர்ந்தவர்கள். என் மகனின் கூட்டாளிமார் நாலைந்து பேர் வெள்ளத்துக்குப் பிறகு கிணறு இறைக்கப் போனபோது, தண்ணீர் பம்பைத்தான் படம் எடுத்தார்கள், அதுவும் அது பழுதானபடியால்.

வெளிநாட்டில் இருக்கும் மாமாவுக்கு ஆசையாகச் சொல்ல வேண்டுமென்றால் வட்சப்பில் குரல் பதிவு அனுப்புங்கள். உதவி பெற்றவரின் பேரைச் சொல்லாதீர்கள்.

இரக்கப்பட்டுப் போய் ஆபத்தில் மாட்டமாட்டானா?

மாட்டலாம். நல்ல மனம் வேறு, நிதானம் வேறு. இரண்டாவதைப் படிப்பிக்க வேண்டும்.

குளத்தில் ஒருவர் தத்தளித்தால் குதிக்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கயிறு, நீளத் தடி, மூடி இறுக்கிய வெறும் கான், எது அகப்பட்டாலும் எறி, கத்தி ஆட்களைக் கூப்பிடு. காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போன வீடுகள் உண்டு. காட்டோரம் மாடு தேடிப் போன கூட்டாளிக்குத் துணை போவதும் நல்லதுதான். ஆனால் மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில் திரும்ப வேண்டும், தெரியாத இரும்பைத் தொடக் கூடாது. கண்ணிவெடி அகற்றுவது எங்கள் மாவட்டங்களில் இன்னும் முடியவில்லை.

அப்புறம் இன்னொன்று. "மச்சான், இந்தப் பையை ரெண்டு நாள் வச்சிரு" என்று ஒரு சிநேகிதன் கேட்பான். ஐஸ் போதைப்பொருள் எங்கள் ஊருக்குள்ளும் வந்துவிட்டது. சிநேகிதனுக்கு உதவுவதென்றால் அவனைப் பெரிய ஆள் ஒருவரிடம் கூட்டிப் போவது. பையை வைத்திருப்பது அல்ல. இதை அந்தச் சம்பவம் நடக்க முன்னமே கதைத்து வையுங்கள்.

இரத்ததானம் பற்றியும் ஒரு தாய் கேட்டா. மகனுக்கு 17 வயது, முகாமுக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம். 18 ஆக வேண்டும், நிறையும் 50 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதுவரைக்கும் கதிரை அடுக்கவும் சோடா கொடுக்கவும் போகலாமே.

நல்ல பிள்ளைதான், ஆனால் சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுக்கவில்லை. ஊருக்கு என்ன சொல்வது?

சந்தியில் பனர் கட்டுவது ஒன்பது ஏக்குத்தான், தெரியும். இரக்கத்துக்குப் பனர் கட்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், சிரிப்பு வந்தது. ஊருக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். பெறுபேறு வந்த அன்று இரவு பிள்ளை சாப்பிட்டதா என்று பாருங்கள்.

பிள்ளையிடம் பெற்றார் மன்னிப்புக் கேட்கலாமா? மரியாதை குறையாதா?

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அட்மிஷன் விசயத்தில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க நான் மூன்று கிழமை எடுத்தேன். தண்ணீர் வற்றி, வீடு கழுவி, பாய் தலையணை எல்லாம் வெயிலில் காயப்போட்ட பிறகு ஒரு நாள், அவன் வேலிக் கட்டைக்குக் கம்பி இழுத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் போய் நின்று, "அண்டைக்கு உன்னைப் பேசினது பிழையடா" என்றேன். அவன் குறட்டைக் கீழே வைக்கவில்லை. "எண்டைக்கு?" என்றான். மறந்தே போய்விட்டானா, எனக்காக மறந்த மாதிரி நின்றானா தெரியாது.

மரியாதை குறையவில்லை. அன்றைக்கு இரவு தேத்தண்ணி போட்டு எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தான், சீனி கூட.

ஜனவரியில் மிச்சப் பரீட்சை நடந்தது. அதற்கு முதல் நாள் கவரைத் தேடினேன். பக்கத்து வளவில் எட்டிப் பார்த்தால், படம் சுவரில் பழைய ஆணியிலேயே தொங்குகிறது. சட்டம் இல்லை, கண்ணாடி இல்லை, என் கவரில் ஒரு ஓட்டை போட்டு நூல் கட்டி மாட்டியிருந்தா. நான் ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்தேன். மகன் அட்மிஷனைப் பாண் வாங்கின சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு போய்ச் சோதினை எழுதினான்.